பேஸ் கிட்டார்: வாங்குவது, பராமரிப்பது, வாசிப்பது

பேஸ் கிட்டார் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்று. அதற்குப் பதில் சொல்வது எளிது. அதனால் பெரிய பயன் இல்லை. பெயர் பெற்ற கம்பெனிகள் இன்று தொடக்க நிலைக் கருவிகளைக்கூட ஒழுங்காகவே செய்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. இந்தக் கழுத்து என் கைக்கு அடங்குகிறதா? நான் எழுப்பிய ஒலியை நினைத்த கணத்தில் என்னால் நிறுத்த முடிகிறதா?

இரண்டாவது கேள்வி இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும். பேஸ் கம்பி தடிமனானது, நீளமானது. ஒருமுறை மீட்டினால் பல விநாடிகள் அதிர்ந்துகொண்டே இருக்கும். தாழ்ந்த ஒலிகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் காதுக்குத் தனித்தனியாகக் கேட்காது, கலங்கிவிடும். ஆகவே பேஸ் வாசிப்பவரின் வேலையில் பாதி ஒலியை எழுப்புவது, மறுபாதி அதை அடக்குவது. கருவியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து விரல் வைப்பதுவரை எல்லாவற்றையும் இந்த நோக்கில் பார்த்தால் பல குழப்பங்கள் தாமே தீரும்.

கருவியை அறிந்துகொள்ளுங்கள்

நான்கு கம்பி பேஸின் சுருதி, தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்கு இ, ஏ, டி, ஜி. சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் இதே பெயர்கள்தான். பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். திறந்த இ கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது, ஏ கம்பி 55 முறை, டி கம்பி 73 முறை, ஜி கம்பி 98 முறை.

மின் பேஸை உலகெங்கும் பரப்பியவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் அவருடைய பட்டறையிலிருந்து 1951-ல் பிரிசிஷன் பேஸ் வெளிவந்தது. 1930-களிலேயே சியாட்டில் நகரில் பால் டட்மார்க் ஃபிரெட் (கழுத்தில் சுரத்தின் இடத்தைக் காட்டும் உலோகக் குறுக்குப் பட்டை) வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தார்; ஆனால் அது பரவவில்லை. பிரிசிஷன் பேஸ் வரும்வரை நடன இசைக்குழுக்களில் இருந்தது ஆளுயர டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸ் ஓசையில் அது காதில் விழாது. ஃபிரெட் இல்லாததால் சுருதி சுத்தமாக வாசிக்க நீண்ட பயிற்சி வேண்டும். ஃபெண்டரின் கருவி மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தீர்வு தந்தது. 1960-ல் அதே கம்பெனி ஜாஸ் பேஸை வெளியிட்டது. இன்று கடைகளில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை, மேலே எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், இந்த இரண்டில் ஒன்றின் வாரிசுகள்தாம்.

தமிழ் ரசிகர்களைப் பொறுத்தவரை, பேஸைத் தனிக் குரலாகக் கேட்கப் பழக்கியவர் இளையராஜா. அவருடைய 1980-களின் பாடல்களில் பேஸ் தாளத்தோடு நின்றுவிடுவதில்லை. பாடகரின் மெட்டுக்குக் கீழே தனக்கென ஒரு மெட்டைப் பின்னிக்கொண்டு போகும். ஏ.ஆர். ரஹ்மானின் பல பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸ் இருக்கிறது. இவற்றையெல்லாம் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸின் அடித்தளம் காதுக்கு வரவே வராது. விநாடிக்கு 41 அதிர்வுகளை அந்தச் சிறிய கருவியால் தள்ள முடியாது. நல்ல ஹெட்ஃபோனில், உங்களுக்கு மனப்பாடமான பத்துப் பாடல்களை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பேஸ் எங்கே தொடங்குகிறது என்பதோடு, எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். கருவி வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய பயிற்சி இது, செலவும் இல்லை.

எந்த வகை வாங்குவது

தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை: நான்கு கம்பி, 34 அங்குலம், பாட்டரி இல்லாத பேஸிவ் வகை, ஃபிரெட் உள்ளது. 34 அங்குலம் என்பது கழுத்தின் தலைப்பக்கம் இருக்கும் நட்டிலிருந்து, உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்.

ஐந்து கம்பி பேஸில் இ-க்குக் கீழே ஒரு பி கம்பி கூடுதலாக இருக்கும். விநாடிக்கு 31 அதிர்வு. இன்றைய திரையிசையிலும் தேவாலய இசைக்குழுக்களிலும் அது அடிக்கடி தேவைப்படுகிறது என்பது உண்மை. ஆனாலும் கம்பி கூடும்போது அடக்கவேண்டிய கம்பியும் கூடுகிறது. நான்கை அடக்கக் கற்ற கை ஐந்துக்கு எளிதில் மாறிவிடும்.

பிரிசிஷன் வகைக்கும் ஜாஸ் வகைக்கும் கை உணரும் பெரிய வேறுபாடு நட் அருகே கழுத்தின் அகலம். பிரிசிஷனில் அது 41 முதல் 44 மி.மீ. வரை, ஜாஸ் பேஸில் சுமார் 38 மி.மீ. சிறிய கை உடையவர்களுக்கு அந்தச் சில மில்லிமீட்டர்கள் நாள் முழுவதும் வாசிக்க முடிவதற்கும் மணிக்கட்டு வலியில் நிறுத்துவதற்கும் இடைப்பட்ட தூரம். ஒலியில், பிரிசிஷனின் ஒற்றை பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தப் பகுதி) நடுப்பகுதி கனத்த, கூட்டத்தில் தொலையாத ஒலியைத் தரும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். இரண்டின் அளவையும் மாற்றிக் கலந்து பல நிறங்கள் எடுக்கலாம்.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், 34 அங்குலத்தில் முதல் ஃபிரெட்டுகள் எட்டாதவர்களுக்கும் 30 அங்குலக் குட்டைக் கழுத்து நல்ல வழி. அதைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாக நினைக்க வேண்டாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் கையில் உலகம் பார்த்த வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் குட்டைக் கழுத்துதான்.

ஃபிரெட் இல்லாத பேஸ் அழகான கருவி. ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் அதைப் பாட வைத்ததைக் கேட்டவர்கள் அதன்மேல் ஆசைப்படுவது இயல்பு. இரண்டாவது கருவியாக வாங்குங்கள்.

கடையில் சோதிக்கும் முறை

ஒலியைப் பெருக்கும் ஆம்பில் இணைக்காமல் தொடங்குங்கள். ஆம்பும் எஃபெக்டும் பல குறைகளை மூடிவிடும். அமைதியான மூலையில் உட்கார்ந்து கருவியை மடியில் வைத்து, டியூனரால் சுருதி சேர்த்த பிறகே சோதனை. சுருதி தளர்ந்திருந்தால் கழுத்தின் மீதான இழுப்பு குறைந்திருக்கும், பார்ப்பதெல்லாம் தவறாகத் தெரியும்.

முதலில் கழுத்து. கருவியின் உடல் முனையைக் கண்ணருகே பிடித்து, கழுத்தின் ஓரத்தை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். மெல்லிய முன்வளைவு இருப்பது சரி. முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது இ பக்க ஓரமும் ஜி பக்க ஓரமும் வேறு வேறு கோட்டில் போனால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். வளைவை, கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடு சரி செய்யும். முறுக்கலைச் சாதாரணமாகச் சரி செய்ய முடியாது.

அடுத்து விரல்நுனியைக் கழுத்தின் இரு ஓரங்களிலும் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் கீறினால், மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். தேர்ந்த கைவினைஞர் அரம் போட்டுச் சரி செய்துவிடுவார். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக நடுத்தர அழுத்தத்தில் மீட்டுங்கள். இதற்கு நேரம் ஆகும், கடைக்காரர் பொறுமை இழக்கலாம், பரவாயில்லை. கம்பி ஃபிரெட்டில் உரசும் இரைச்சல் எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் கொஞ்சம் வந்தால் செட்டப் பிரச்சினை, அதாவது கழுத்து வளைவு, கம்பி உயரம் போன்றவற்றின் அமைப்பு சரியில்லை. ஒரே ஃபிரெட்டில் மட்டும் வந்தால் அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கிறது. ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட் வரையான பகுதியில் ஓர் ஒலி மற்றவற்றைவிட விரைவாகத் தேய்ந்து மறைவதைப் பல நல்ல பேஸ்களிலும் காணலாம். கழுத்து மரம் அந்த அதிர்வை உறிஞ்சிக்கொள்வதால் நேர்வது அது. லேசாக இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். சட்டென்று செத்துப்போகும் ஒலி என்றால் அதே மாடலில் வேறொன்றை எடுத்துப் பாருங்கள்.

எழுந்து நில்லுங்கள். தோள்வாரை மாட்டி இரு கைகளையும் எடுத்துவிடுங்கள். கழுத்து தரையை நோக்கிச் சாய்ந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடக்கை அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். எடையையும் பாருங்கள். நான்கு கிலோ வழக்கமானது. ஐந்தைத் தொட்டால் இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு தோள் நினைவூட்டும்.

கடைசியாக ஆம்பில் இணையுங்கள். குமிழ்களை முழுவதும் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் பெரும்பாலும் தூசி, தூய்மைத் திரவம் போதும். கேபிளைச் செருகும் துளையில் லேசாக அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள்.

பழைய கருவி என்றால் இன்னும் நான்கு: டிரஸ் ராடு நட் தேய்ந்திருக்கிறதா, ஆலன் கீ அதில் பிடிமானமாக உட்காருகிறதா, பிரிட்ஜின் திருகுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் விரிசல் உண்டா. கடலோர ஊர்களில் வாங்கும்போது துருவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைகளில் தேறிய பழைய பேஸ், அதே விலைக்குக் கிடைக்கும் புதிய பேஸைவிடப் பல சமயம் மேலானது.

ஆம்ப், கேபிள்

வீட்டுப் பயிற்சிக்கு ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றே போதும். அல்லது கணினியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒலிபெருக்கி வேண்டுமென்றால் 20, 30 வாட் பேஸ் ஆம்ப். சாதாரண கிட்டார் ஆம்பில் மெதுவாக வாசிக்கலாம். சத்தத்தைக் கூட்டினால் அதன் ஒலிபெருக்கி தாழ்ந்த அதிர்வுகளின் அசைவைத் தாங்காமல் கிழிந்துபோகும். டிரம்ஸுடன் வாசிக்க 200 முதல் 300 வாட் வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு அவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது.

தனித்தனி ஆம்ப் தலையும் ஒலிபெருக்கிப் பெட்டியும் வைத்திருப்பவர்கள் ஓம் (மின்தடை) கணக்கைத் தவறவிடக் கூடாது. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். ஆம்பின் பின்னால் குறைந்தபட்சம் 4 என்று எழுதியிருந்தால் அதோடு நிறுத்துங்கள், மூன்றாவது பெட்டி வேண்டாம். தலைக்கும் பெட்டிக்கும் நடுவே ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டாருக்குப் போடும் மெல்லிய கேபிளைப் போட்டால் அது சூடேறி ஆம்பையே கெடுத்துவிடும்.

கம்பிகள்

கடைகளில் அதிகம் கிடைக்கும் அளவு 45, 65, 85, 105 என்ற தொகுப்பு. இவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் சொல்லப்படும் தடிமன்கள். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை சுமார் 80 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அளவை மாற்றினால் அந்த இழுப்பும் மாறும். செட்டப்பை மறுபடி பார்க்க வேண்டும்.

மேலே உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பி பளிச்சென்று, நீளமாக ஒலிக்கும். ஃபிளாட்வவுண்ட் கம்பியின் மேற்பரப்பு வழவழப்பானது. ஒலி மங்கலாக, கனமாக எழுந்து சீக்கிரம் அடங்கும். டெட்ராய்டின் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பிரிசிஷன் பேஸில் இருந்தவை தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பிகள். பிரிட்ஜ் மூடியின் கீழே ஒலியை அடக்கும் பஞ்சும் இருந்தது; வலக்கையில் அவர் பயன்படுத்தியது சுட்டுவிரல் ஒன்றைத்தான். அத்தனை நெருக்கமான சுரங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் தெளிவாகக் கேட்பதற்கு அந்தக் குறுகிய ஒலியும் ஒரு காரணம். பழைய தமிழ்த் திரையிசையின் பேஸ் ஒலி உங்களுக்குப் பிடிக்கும் என்றால் ஒருமுறை ஃபிளாட்வவுண்ட் போட்டுப் பாருங்கள். பிரிட்ஜ் அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டுப் பஞ்சைச் செருகினால் செலவில்லாமலே அந்த இடத்தை நெருங்கலாம்.

கம்பி மாற்றும்போது, டியூனிங் கீயைத் தாண்டி சுமார் 10 செ.மீ. விட்டு, அந்த இடத்தில் செங்குத்தாக மடக்கிய பிறகு மடிப்புக்கு வெளியே வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றியிருக்கும் சுருள் நழுவி, கம்பி ஒலியிழந்து போகலாம். சுற்று மேலிருந்து கீழே இறங்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுகள் போதும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியிலுமாகத் துடைத்துவிடுங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களின் வியர்வையிலும் உப்புக் காற்றிலும் துடைக்காத கம்பி சில வாரங்களிலேயே செத்துவிடும்.

செட்டப்: வரிசை தவறாமல்

தொடக்க நிலைக் கருவியை நல்ல கருவியாக மாற்றுவது இந்த வேலைதான். முதல் முறை ஒரு கைவினைஞரிடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து பாருங்கள். பிறகு நீங்களே செய்யலாம். வரிசை முக்கியம்: சுருதி, கழுத்து வளைவு, கம்பி உயரம், ஸ்வர சுத்தம், பிக்கப் உயரம். ஒவ்வொன்றும் அடுத்ததைப் பாதிக்கும்.

கழுத்து வளைவைப் பார்க்க, இ கம்பியை முதல் ஃபிரெட்டில் இடக்கை விரலாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் வலக்கைக் கட்டை விரலாலும் அழுத்துங்கள். இப்போது கம்பி ஒரு நேர்க்கோடு. ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுகளின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும்; கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு. அதைவிட அதிகமாக இருந்தால் டிரஸ் ராடு நட்டை, அதை நேராகப் பார்த்தபடி, வலப்புறம் கால் சுற்று திருப்புங்கள். இடைவெளியே இல்லையென்றால் இடப்புறம் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்து, சிறிது நேரம் விட்டு, மறுபடி பாருங்கள். இறுகி நிற்கும் நட்டைப் பலம் கொண்டு திருப்பவே கூடாது. அது உடைந்தால் கழுத்தே போயிற்று.

கம்பி உயரம் 12-ஆவது ஃபிரெட்டில் அளக்கப்படும். ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை, இ பக்கம் 2.5 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கலாம். பிரிட்ஜில் கம்பி அமரும் ஒவ்வொரு சேடிலிலும் இருக்கும் சிறு திருகுகளால் உயர்த்தலாம், தாழ்த்தலாம். பலமாக மீட்டுகிறவர் கொஞ்சம் உயர்த்திக்கொள்வது நல்லது. இரைச்சலின் இடமே காரணத்தைச் சொல்லும்: முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் வந்தால் கழுத்து அளவுக்கு மேல் நேராகிவிட்டது, 12-க்கு மேலே வந்தால் கம்பி தாழ்ந்துவிட்டது.

ஸ்வர சுத்தத்துக்கு, 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் விரல் வைத்து ஹார்மோனிக்கை எழுப்புங்கள். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். டியூனரில் இரண்டும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால், கழுத்திலிருந்து விலக்கி நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் முன்னால். பழைய கம்பியில் இதைச் செய்வது வீண். புதுக் கம்பியில் செய்யுங்கள்.

பிக்கப் உயரம்: கடைசி ஃபிரெட்டை அழுத்தியபடி பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. மிக நெருங்கினால் காந்தம் கம்பியின் அதிர்வையே இழுத்துக் குலைக்கும்.

பருவம் மாறும்போது மரத்தின் ஈரம் மாறும், கழுத்தும் நகரும். கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஒருமுறையும் வளைவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பேஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரவில் கம்பிகளைத் தளர்த்தி வைக்கத் தேவையில்லை; அந்த இழுப்புக்கு ஏற்றபடிதான் கழுத்து அமைக்கப்பட்டிருக்கிறது. பாட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால், பெரும்பாலானவற்றில் கேபிளைச் செருகிய கணமே மின்சுற்று இயங்கத் தொடங்கிவிடும். வாசித்ததும் கேபிளை எடுத்துவிடுங்கள், பையில் ஒரு 9 வோல்ட் பாட்டரி எப்போதும் இருக்கட்டும்.

கைகள்

தோள்வாரின் நீளத்தை, உட்கார்ந்தாலும் நின்றாலும் பேஸ் ஒரே உயரத்தில் இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து பழகியது மேடையில் கைக்கு வராமல் போவதற்கு, தொடை வரை தொங்கும் பேஸ் முக்கியக் காரணம். மணிக்கட்டு இரண்டும் கூடியவரை நேராக இருக்கட்டும். விரலில் ஊசி குத்துவது போன்ற மரமரப்பு வந்தால் அன்று அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இடக்கையில், 34 அங்குலக் கழுத்தில் முதல் ஃபிரெட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஏறத்தாழ 46 மி.மீ.; 12-க்கும் 13-க்கும் இடையே 24 மி.மீ. மட்டுமே. ஆகவே கழுத்து முழுவதற்கும் ஒரே விரல் முறை பொருந்தாது. ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் வைக்கலாம். அதற்குக் கீழே, 19-ஆம் நூற்றாண்டின் டபுள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டிலின் பெயரால் அறியப்படும் முறை கையைக் காப்பாற்றும்: சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் அடுத்தடுத்த மூன்று ஃபிரெட்டுகளுக்கு, மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை. விரல் ஃபிரெட்டின் உலோகத்துக்குச் சற்றுப் பின்னால், ஒட்டினாற்போல் விழ வேண்டும். நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் தேவைப்படும், இரைச்சலும் வரும்.

வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி. கம்பியை மேல்நோக்கிப் பிடுங்காமல், விரல் கம்பியைக் கடந்து அடுத்த தடித்த கம்பியின் மேல் வந்து அமரட்டும். அந்த அமர்வே அந்தக் கம்பியை அடக்கிவிடுகிறது. பிக் வைத்து வாசிப்பதும் முழுமையான முறைதான். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஏராளமான பாடல்களுக்கு வாசித்த கேரல் கே பிக் பிடித்து வாசித்தவர். கட்டை விரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் முறை லாரி கிரஹாமிடமிருந்து பரவியது. தாயாரோடு டிரம்ஸ் இல்லாமல் வாசிக்க நேர்ந்தபோது டிரம்ஸின் இடத்தையும் பேஸிலேயே நிரப்ப அவர் கண்ட வழி அது. விரல் முறையில் காலப்பிரமாணம் நிலைத்த பிறகு அதற்குப் போங்கள்.

ஒலியை அடக்குதல்

இனி சொல்லப்போவதுதான் தொடங்கியவர்களிடம் அதிகம் விடுபட்டுப்போவது. ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இ கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டில் ஏ சுரம். அடுத்து ஏ கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டில் டி சுரம். விரல் நுனியால் முதல் சுரத்தை அழுத்தியவர், அதைத் தூக்கி அடுத்த கம்பிக்குக் கொண்டுபோகிறார். தூக்கிய கணத்தில் இ கம்பி திறந்துகொண்டு உறுமுகிறது. வாசிப்பவருக்கு அது கேட்பதில்லை, அவர் கவனம் புதிய சுரத்தில் இருக்கிறது. எதிரே நிற்பவருக்கு சுரங்கள் கலந்த சேறு கேட்கிறது.

சரியான வழி இது. முதல் சுரத்தை விரலின் நுனியால் அழுத்துங்கள். இரண்டாவதற்கு விரலைத் தூக்காமல், முட்டியைத் தளர்த்தி, விரலின் சதைப்பகுதிக்கு உருட்டுங்கள். நுனி இ கம்பியைத் தொட்டபடியே இருக்கும், ஆனால் அழுத்தாது. அதே நேரம் பிக்கப்பின் மேல் இருந்த வலக்கைக் கட்டை விரல் இறங்கி இ கம்பியின் மேல் அமர்கிறது. இரண்டு பக்கமிருந்தும் அது அடங்கிவிட்டது. டி கம்பிக்குப் போகும்போது கட்டை விரல் மேலும் சாய்ந்து இ, ஏ இரண்டையும் மூடும். மெல்லிய கம்பிகளை, சும்மா இருக்கும் இடக்கை விரல்கள் தட்டையாகப் படுத்து மூடிக்கொள்ளும்.

அழுத்திய சுரத்தை நிறுத்த, விரலின் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், தொடுதலை விடாதீர்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐந்து, ஏழு, 12 ஆகிய ஃபிரெட்டுகளின் அருகே ஒரே விரல் தொட்டபடி நின்றால் ஹார்மோனிக் கீச்சென்று எழும். அங்கே இரண்டு விரல்களாவது கம்பியைத் தொட வேண்டும்.

பயிற்சி: சீராகத் தட்டும் மெட்ரோனோம், நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில். ஒரே சுரம். முதல் தட்டில் எழுப்பி, இரண்டாவது தட்டில் துல்லியமாக நிறுத்துங்கள். மூன்றில் எழுப்பி நான்கில் நிறுத்துங்கள். நிறுத்தும் ஓசையும் தட்டின் மேல் விழ வேண்டும். இது கைவந்ததும் ஒலியின் நீளத்தைப் பாதியாக்குங்கள், பிறகு கால்பாகம். கம்பி மாறும் இரண்டு சுரங்களுக்குப் போவது அதற்குப் பிறகு. கைப்பேசியில் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத உறுமல் அப்போது தெளிவாகக் கேட்கும்.

தாளமும் சுரமும்

மெட்ரோனோமின் ஒவ்வொரு தட்டுக்கும் தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசிப்பது நம்மவர்களுக்கு இயல்பாக வரும் வழி. தட்டு நான்காகப் பிரிந்து உடலில் பதியும். தகிட சொன்னால் மூன்றாகப் பிரியும். சொல்லும் வாயும் மீட்டும் விரலும் ஒட்டிப்போகும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். பிறகு மெட்ரோனோமின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அதன் ஓசையை இரண்டாவது, நான்காவது தட்டுகளாக வைத்து வாசியுங்கள். ஒன்றாவது தட்டை நீங்களே சுமக்க வேண்டியிருக்கும்.

சுரங்களில் முதலில் மூன்று: கார்டின் மூல சுரம், அதன் பஞ்சமம், மேல் ஸ்தாயி. மூலத்திலிருந்து இரண்டு ஃபிரெட் மேலே, அடுத்த மெல்லிய கம்பியில் பஞ்சமம். அதே ஃபிரெட்டில் அதற்கும் அடுத்த கம்பியில் மேல் ஸ்தாயி. கழுத்தில் எங்கே நகர்த்தினாலும் இந்த வடிவம் மாறாது. அடுத்து மூன்றாவது சுரம், அதாவது மேஜருக்கும் மைனருக்கும் வேறுபடும் காந்தாரம். இந்த நான்கையும் வைத்துக்கொண்டே நூற்றுக்கணக்கான பாடல்களுக்குக் கண்ணியமாக வாசிக்க முடியும். பாடலைக் கேட்டுக் கற்கும்போது கார்டு மாறும் இடங்களின் மூல சுரங்களை மட்டும் முதலில் கண்டுபிடியுங்கள். இடையில் வரும் ஓட்டங்கள் பிறகு. எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட் என்று பிறர் எழுதி வைத்த டாப் தாளை, காதால் ஒருமுறை முயன்ற பிறகே திறவுங்கள். முறையாகத் தேர்வு எழுத விரும்புகிறவர்களுக்கு டிரினிட்டி, ராக்ஸ்கூல் என்ற இசைத் தேர்வு அமைப்புகள் இரண்டிலும் பேஸுக்குத் தனிப் படிநிலைகள் உண்டு.

குழுவோடு

குழுவில் உங்கள் முதல் துணை டிரம்மரின் வலது கால். அந்தக் காலால் அடிக்கும் கிக் டிரம் விழும் இடத்தில் உங்கள் சுரம் தொடங்கட்டும். பல பாடல்களில் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் விழும் இடத்தில் உங்கள் ஒலி நின்றால், ஸ்னேர் கூர்மையாகக் கேட்கும். சத்தத்தைக் கூட்டாமலேயே குழு முழுவதும் தெளிவடையும். ஒத்திகையில் டிரம்மரோடு இருவர் மட்டும் பதினைந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள்.

மேடையில் தாழ்ந்த ஒலியை அதிகம் ஏற்ற வேண்டாம். அறையே அதைக் கூட்டிக்கொடுக்கும். உங்கள் காதுக்கு நடுப்பகுதி கொஞ்சம் மிகையாகத் தோன்றும் அளவே கூட்டத்துக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலிப்பதிவாளருக்கு டி.ஐ. பாக்ஸ் (பேஸின் சமிக்ஞையை ஒலிக்கலவைக் கருவிக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாகச் சமிக்ஞை கொடுங்கள். ஏசி அரங்கத்துக்குள் நுழைந்ததும் உறையைத் திறந்து கருவியைச் சற்று நேரம் வெளியே வையுங்கள், மேடை ஏறும் முன் மறுபடி சுருதி பாருங்கள். சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டி வந்தால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்பட்டவை ஒலியை மழுக்காமல் அளவை மட்டும் குறைக்கும். அவற்றைப் பேஸ் உறையின் சிறு பையிலேயே, பாட்டரியோடும் ஆலன் கீயோடும் வைத்துவிடுங்கள்.